சதுர அடிக்கு இருபது பவுண்டு

கூரைச் சட்டம் செய்யும் ஆலையிலிருந்து லோரன் கூப்பிட்டான்.
வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்,
மரம் அறுத்த பிறகு நான் பொறுப்பில்லை என்றான்.

வழக்கமான சட்டம் என்றால்
உள்ளே குறுக்கும் மறுக்குமாய் மரக்கைகள்.
பூனை போகலாம், பெட்டி போகாது.
நடுவில் அறை விட்ட சட்டம் என்றால்
பத்தடி அகலம், ஆறேகால் அடி உயரம்,
இரண்டாயிரத்து முந்நூறு டாலர் கூடுதல்.
சதுர அடிக்கு இருபது பவுண்டு தாங்கும்.
"மேலே என்னதான் வைக்கப்போகிறீர்கள்?"

டுலூத்தில் அக்டோபர்.
ஏரிக்காற்று வாடகை வீட்டுச் சன்னலை
விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தது.
குளியலறையிலிருந்து எடை மெஷினைக்
கூடத்துக்குக் கொண்டுவந்தேன்.
வீடு கட்டுகிறோமா, கப்பலில் சரக்கு ஏற்றுகிறோமா
என்று ஆர்னே சிரித்தான்.
சிரித்துக்கொண்டே முதல் மூட்டையைத் தூக்கிவந்தான்.

பனிமேல் மீன்பிடிக்கும் கூடாரம், நாற்பத்திரண்டு.
கிறிஸ்துமஸ் விளக்குகள், எல்லாம் சேர்ந்து ஒரே சிக்கல், ஒன்பது.
வரிக் காகிதங்கள் இருபத்தாறு.
நாங்கள் இருவருமே வாசிக்காத அக்கார்டியன்:
எடை பிரச்சினையில்லை,
ஜூலையில் பரண் அடுப்பாகிவிடும்,
உள்ளே மெழுகு இளகிக் குரல் போய்விடும் என்றான்.
அது கீழேயே இருக்கட்டும்.

நள்ளிரவுக்குப் பிறகு
வாழைப்பழம் வந்த அட்டைப்பெட்டி ஒன்று.
பழுப்பு நாடா மூன்று சுற்று. மேலே எழுத்தில்லை.
என்னோடு மூன்று வீடு மாறியிருக்கிறது.
உள்ளே ராண்டியின் பொருட்கள் என்று தெரியும்,
எவை என்று தெரியாது.
அவள் போய்ப் பதினோரு வருடம்.
அவன் தூக்கவில்லை. நான்தான் தூக்கி வைத்தேன்.
முள் ஆடி ஆடி நின்றது.
முப்பத்தொன்று.

எழுதிக்கொண்டேன்.
லோரனின் படிவத்தில்
எடைக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது.

"இதற்காகவா இரண்டாயிரத்து முந்நூறு?"
என்று கேட்டான், பெட்டியைப் பார்க்காமல்.
சமையலறையின் துருத்து சன்னல் வேண்டாம்,
தட்டையாகவே இருக்கட்டும் என்றேன்.
அந்தச் சன்னலை
நான் இரண்டு வருடமாக வரைந்துகொண்டிருந்தேன்.
அது அவனுக்குத் தெரியும்.

பிறகு வாயிலுக்காகச் சண்டை.
படுக்கையறைக்கு மேல் என்றால் குளிர் இறங்கும்.
கராஜுக்கு மேல் என்றால்
ஜனவரியில் யார் போவது?
வரைபடத்தில் பென்சில் சதுரம் மூன்று முறை நகர்ந்து
தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தது.
அழித்த இடத்தில் காகிதம் மெலிந்துவிட்டது.
கடையில் கிடைக்கும் மடிப்பேணிக்கு
இருபத்திரண்டு அங்குலம் போதும்.
கூடாரமோ இருபத்தொன்பது.
முப்பது கேட்டோம்.
சட்டத்துக்குச் சட்டம் இரண்டடிதான், தெரியுமல்லவா
என்று லோரன் பெருமூச்சு விட்டது
தொலைபேசியில் நன்றாகவே கேட்டது.

ஏப்ரலில் கிரேன் வந்தது.
ஒரு காலைப்பொழுதில் கூரைக்கு எலும்பு முளைத்தது.
மே மாதம் முழுக்கப் பஞ்சு ஊதினார்கள்,
பொடித்த பழைய செய்தித்தாள், சாம்பல் நிறம்,
பதினாறு அங்குலம்.
அதை அமுக்கக்கூடாது,
அமுக்கினால் வெப்பம் ஓடிவிடும்,
ஓடினால் கூரைப்பனி உருகி
இறவாரத்தில் பாறையாய் உறையும்.
அதனால் நடுவில் மட்டும் உயர்த்திய பலகைத்தளம்.
நான் நிமிர்ந்து நின்றேன்.
ஆர்னே குனிந்துதான் நிற்கவேண்டும்.
இரண்டு அங்குலம் கூட்டிக் கேட்டிருக்கலாம்.

முதலில் அவன் ஏற்றியது அந்தப் பெட்டியை.
நான் பிடிக்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றான்.
குனிந்தபடியே நடந்து
நடுச்சுவருக்கு நேர் மேலே,
தளம் மிக உறுதியாய் இருக்கும் இடத்தில் வைத்தான்.
முப்பத்தொரு பவுண்டுக்கு
அவ்வளவு உறுதி தேவையே இல்லை.

இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு,
பின்னால் காற்று போகட்டும் என்றேன்.
தள்ளினான்.

பிறகு கூடாரத்தைத் தூக்கினோம்.
வாயிலில் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு,
ஒரு முறை சிக்கி,
அவன் மேலிருந்து இழுக்க
நான் கீழிருந்து தள்ள,
நுழைந்துவிட்டது.